இடிக்கும் முன் ஒரு படி எடுப்போம்

(வேப்பூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் கூடியிருக்கிறோம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பழைய கட்டடங்களைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகப் பதிவு செய்வது. கேட்டவுடன், இது பொறியியல் கல்லூரிக்காரர்கள் வேலை, நமக்கு எதற்கு என்று தோன்றும். ஒரு கைப்பேசி, ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு, பத்து மாணவர்கள். இவ்வளவு இருந்தால் நாமும் தொடங்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் பள்ளி இருக்கும் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய கட்டடங்கள் எத்தனை இருக்கும்? பெரிய கோயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஓட்டுக் கூரைப் பள்ளி, திண்ணை வைத்த வீடு, ஊர்ச் சாவடி, சாலையோரச் சுமைதாங்கி, கல் கட்டிய கிணறு, பழைய அரிசி ஆலை, வீட்டுக்குள் நிற்கும் மண் குதிர். இவற்றில் எதற்காவது நீளம், அகலம், உயரம் குறித்த ஒரு தாள் எங்காவது இருக்கிறதா? பெரும்பாலான ஊர்களில் இருக்காது. நாளைக்கே ஒன்று இடிந்தால், "இந்த இடத்தில்தான் இருந்தது, இவ்வளவு பெரிதாக இருந்தது" என்று கையை விரித்துக் காட்டுவதோடு முடிந்துவிடும்.

நம் பக்கத்துக் கோயில் சொல்லும் பாடம்

பழையதைப் படி எடுத்து வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலை நம் மாணவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து பிரகாரம் என்று எல்லாமே ஐந்து என விரல் விட்டுச் சொல்வார்கள். அந்தக் கோயிலைக் கற்றளியாகக் கட்டுவித்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய். பத்தாம் நூற்றாண்டில் காவிரிக் கரையிலும் நம் பகுதியிலும் பல கோயில்களைக் கல்லால் எடுத்துக் கட்டினார்.

கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிக்காவல் என்று ஓர் ஊர். அங்கிருந்த கோயிலையும் அவர் புதிதாகக் கட்டினார். பழைய கோயிலின் கற்களில் அதற்கு முந்தைய அரசர்கள் காலத்துக் கல்வெட்டுகள் இருந்தன. கோயிலைப் பிரித்தால் அவை சிதறிப்போகும். அதனால் அந்த வாசகங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார்கள். வெட்டும்போது, இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பழைய கட்டடத்தை மாற்றவே கூடாது என்று அவர்கள் இருக்கவில்லை. மாற்றினார்கள், ஆனால் மாற்றுவதற்கு முன் அதில் இருந்ததைப் படி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, படியை அசல் என்று காட்டிக்கொள்ளவில்லை. இது படி என்று வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். இன்று கணினியில் செய்யும் முப்பரிமாணப் பதிவுக்கும் இந்த இரண்டுதான் அடிப்படை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஆட்கள் இதைச் செய்துவிட்டார்கள்.

படி எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். முதலாம் இராசேந்திரன் கட்டிய அந்தக் கோயிலின் விமானம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் கோயிலைச் சுற்றியிருந்த பெரிய மதிலின் கற்களை, 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது எடுத்துப் போனார்கள். அணை உழவர்களுக்குப் பயன்பட்டது, அதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லை எடுப்பதற்கு முன் மதிலின் எந்தப் பகுதியில் எந்தக் கல் இருந்தது, எதில் என்ன எழுதியிருந்தது என்று அளந்து குறித்து வைத்திருந்தால், அந்த மதிலை இன்று வகுப்பறைத் திரையில் எழுப்பிக் காட்டியிருக்கலாம். இப்போது எஞ்சிய அடித்தளத்தை வைத்து ஊகிக்கத்தான் முடிகிறது.

இது பழங்கதை என்றும் தள்ள முடியாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. 2013-இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று வந்தது. நேரில் போய்ப் பார்த்த 1,655 சின்னங்களில் 92-ஐக் காணவில்லை என்று அதில் இருந்தது. அவற்றில் பல பின்னர் அடையாளம் காணப்பட்டன. சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவற்றுக்கே இந்த நிலை என்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாத நம் ஊர்ச் சாவடியை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அதன் பக்கத்தில் இருப்பது நம் பள்ளிதான்.

படத்திலிருந்து அளவு வந்த கதை

இனி இந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வகுப்பில் கதையாகவே சொல்லலாம்.

1858-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் நகரின் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்தார். உயரத்தில் ஏறி அளக்கும்போது விழப்போய் மயிரிழையில் தப்பினார். ஆள் ஏறி அளப்பதற்குப் பதிலாகப் புகைப்படம் எடுத்து, படத்தின் மேல் அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கே வந்தது. பிறகு அதற்கென்றே 1885-இல் பெர்லினில் அரசு நிறுவனம் ஒன்று உருவாக வழி செய்தார். படத்திலிருந்து அளவெடுக்கும் இந்த முறைக்கு ஒளிப்பட அளவியல் என்று பெயர்.

அதே 1858-இல் நம் தஞ்சாவூரில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக, பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

நகர்ந்து நகர்ந்து படம் எடுப்பது, படத்திலிருந்து அளவை மீட்பது. இந்த இரண்டையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால் அதுதான் இன்றைய முப்பரிமாணப் பதிவு.

மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லுங்கள். இடக்கண்ணை மூடிப் பார், பிறகு வலக்கண்ணை மூடிப் பார். விரல் நகர்வது போலத் தெரியும், தூரத்து மரம் அவ்வளவாக நகராது. இரண்டு இடங்களிலிருந்து பார்க்கும்போது பக்கத்துப் பொருள் அதிகமாக நகர்கிறது, தூரப் பொருள் குறைவாக நகர்கிறது. அந்த நகர்வை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஒரே சுவரைப் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களில், ஒரே கல் முனை எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளின் இடம் கிடைக்கிறது. புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்தால் மேற்பரப்பு. அதன்மேல் படத்தின் நிறத்தைப் போர்த்தினால் மாதிரி தயார்.

இன்னொரு முறை லேசர். ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது. 15 மீட்டர் தூரத்துச் சுவருக்குப் போய்த் திரும்ப ஒளி 30 மீட்டர் பயணிக்கிறது. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர் என்றால், அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. இதை அறிவியல் ஆசிரியர்கள் அப்படியே கணக்காகக் கொடுக்கலாம்.

இந்த லேசர் முறையால் என்ன பயன் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010-இல் லேசர் கொண்டு அளந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை வைத்து, நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளைச் சேர்த்தார். 2018-இல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15 அன்று அந்தத் தேவாலயம் தீப்பற்றி எரிந்தது, கூரை முழுவதும் போனது. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்த பதிவுகளில் டாலன் எடுத்ததும் ஒன்று. அவர் அளந்தபோது தீப்பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அளந்தவர் போன பிறகும் அளவு இருந்தது.

நம் நாட்டுச் சான்று மாணவர்களின் கையிலேயே இருக்கிறது. 2018-இல் வந்த ஊதா நிற நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குஜராத் மாநிலம் பாடனில் உள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அதில் இருக்கும். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பல நூற்றாண்டுகள் வண்டலில் புதைந்து கிடந்து மீண்டது. 2011-இல் நம் தொல்லியல் துறையோடு ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவினரும் சைஆர்க் என்ற நிறுவனமும் சேர்ந்து அதை லேசரால் அளந்து பதிவு செய்தார்கள். 2014-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பொம்மையிலிருந்து தொடங்குவோம்

பெரிய கருவிகள் நம்மிடம் இல்லை. ஆனால் நம்மிடம் விருத்தாசலம் பீங்கான் இருக்கிறது. எங்கள் மாணவர்களிடம் நான் கட்டடத்தை முதலில் கொடுப்பதில்லை. பொம்மையைத்தான் கொடுப்பேன்.

பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையில் ஒருமுறை சுட்டு, பளபளப்புப் பூச்சு ஏறாத பொம்மை கிடைக்கும். அதை ஒரு செய்தித்தாளின் மேல் வையுங்கள். வெயில் நேராக விழாத மரநிழலில், பிளாஷ் இல்லாமல், பொம்மையைச் சுற்றி வந்து படம் எடுக்க வேண்டும். தாழ்வாக ஒரு சுற்று, நேராக ஒரு சுற்று, மேலிருந்து ஒரு சுற்று. ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். மூன்று சுற்றுக்கு அறுபது படம் வரும். நடுவில் பொம்மையை நகர்த்தக் கூடாது, கைப்பேசியில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் எடுக்கக் கூடாது.

பிறகு பளபளப்புப் பூச்சு ஏறிய பொம்மையை அதே போல எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி கோணல்மாணலாக வரும். ஏன் என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் நகர நகர, பூச்சின் மேல் விழும் வெளிச்சமும் நகர்கிறது. கணினி அந்த வெளிச்சப் புள்ளியை உண்மையான புள்ளி என்று நம்பி ஏமாறுகிறது. அப்போது அடுத்த கேள்வி போடலாம். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர் என்ன ஆகும்? அதிலும் கணினிக்குப் பிடிமானம் இல்லை, எல்லா இடமும் ஒன்று போல இருக்கிறது. அப்படிப்பட்ட சுவருக்கு முன்னால் கோடு போட்ட குச்சிகள், கட்டம் போட்ட அட்டைகள் சாய்த்து வைத்து எடுக்கலாம். சுவரில் எதையும் ஒட்டவோ எழுதவோ கூடாது.

பொம்மை இன்னொன்றையும் கற்றுத்தரும். படத்திலிருந்து வரும் மாதிரிக்கு உருவம் இருக்கும், அளவு இருக்காது. பொம்மையா, பொம்மை போன்ற கோபுரமா என்று கணினிக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்க வேண்டும். பீங்கான் தொழிலாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண்ணில் 18 சென்டிமீட்டர் பொம்மை வேண்டுமானால் அச்சு 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். விகிதம் தெரியாவிட்டால் அச்சு வீண். சோழர் காலக் கோயில் சுவர்கள் பலவற்றில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். கோல் தொலைந்தாலும் அளவு தொலையக் கூடாது.

நாடா, நிழல், முக்கோணம்

பொம்மையில் கை பழகிய பிறகு கட்டடம். படம் எடுப்பதோடு நாடாவாலும் அளந்தே ஆக வேண்டும். இங்கேதான் நம் கணக்குப் பாடம் உயிர் பெறுகிறது.

ஓர் அறை 6 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம் என்று வந்தால் படத்தில் செவ்வகம் போட்டுவிடுவார்கள். மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பித்தாகரசு தேற்றப்படி 7.5 மீட்டர் வர வேண்டும். 7.6 வந்தால் மூலை செங்கோணமாக இல்லை. பழைய கட்டடங்களில் இது சாதாரணம். அந்தக் கோணலும் கட்டடத்தின் வரலாறுதான். அதைத் திருத்தி நேராக்கிவிட்டால் பதிவு பொய்யாகிவிடும்.

உயரத்துக்கு ஏறவே கூடாது. நிழலை அளந்தால் போதும். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 0.8 மீட்டராக இருக்கும் அதே நேரத்தில் கட்டடத்தின் நிழல் 4.4 மீட்டர் என்றால் உயரம் 5.5 மீட்டர். எட்டாம் வகுப்பு மாணவர் வடிவொத்த முக்கோணத்தில் செய்வார். பத்தாம் வகுப்பு மாணவர் ஏற்றக் கோணத்தில் செய்து சரிபார்ப்பார்.

பெண்ணாகடம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பு. அங்கே உள்ள கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல வளைந்த விமானம் அது. அடித்தளத்தை முன்பக்கம் செவ்வகமாகவும் பின்பக்கம் அரைவட்டமாகவும் பிரித்துக் காட்டினால், பரப்பளவுப் பாடத்தில் வரும் கூட்டு உருவம் கண்ணெதிரே நிற்கும்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்று சேர்ப்பது கடினமாக இருக்கலாம். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளுக்கு நல்ல வரைகலை அட்டை வேண்டும். அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். நாடாவால் எடுத்த அளவை வைத்து டிங்கர்கேட், ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்றவற்றில் சுவர் சுவராக எழுப்பலாம். படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். படம் இருந்தால் மாதிரியை அடுத்த ஆண்டும் செய்யலாம். கட்டடம் போன பிறகு படத்தை எடுக்க முடியாது.

மூன்று நிறம்

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன்.

கணினி எதையும் அழகாகக் காட்டிவிடும். ஓடு விழுந்த கூரையில் ஓடு வேய்ந்துவிடலாம், இல்லாத தூணை நட்டுவிடலாம். பார்ப்பவருக்கு எது உண்மையில் இருந்தது, எது நாம் சேர்த்தது என்று தெரியாது. அப்படி ஒரு மாதிரி வகுப்பிலும் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்தால், பத்து ஆண்டில் அதுவே வரலாறாகிவிடும். உலக அளவில் இந்தத் துறையினர் லண்டன் சாசனம் என்று ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். கணினியில் எழுப்பிய ஒவ்வொரு பகுதிக்கும் ஆதாரம் என்ன என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். திருக்கோடிக்காவலில் படி என்று குறிப்பிட்டு வெட்டியவர்களும் இதையேதான் செய்தார்கள்.

நாங்கள் பள்ளியில் மூன்று நிறம் வைத்துக்கொள்கிறோம். நாடாவால் அளந்த பகுதிக்குப் பச்சை. படத்தில் தெரிகிறது, ஆனால் அளக்கவில்லை என்றால் மஞ்சள். பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வரைந்தது என்றால் சிவப்பு. முதலில் எல்லாருக்கும் முழுப் பச்சையாகக் காட்டத்தான் ஆசை இருக்கும். ஆனால் "சார், இது மஞ்சள்தான், நான் அளக்கலை" என்று ஒரு மாணவர் தானாகச் சொல்கிற நாளில், நாம் வரலாற்றுப் பாடத்தில் பாதியை நடத்தி முடித்துவிட்டோம் என்று பொருள். எனக்குத் தெரிந்தது, நான் ஊகிப்பது, பிறர் சொன்னது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் செய்தித்தாள் படிக்கும்போதும் கைச்செய்தி வரும்போதும் கூடவே வரும்.

நாமே கட்டிய மாதிரி கேள்விகளுக்கும் விடை சொல்லும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லாத ஆள் இல்லை. கணினியில் ஓர் எளிய கூம்புப் பட்டகம் செய்து, சூரியனைக் காலையிலிருந்து மாலை வரை நகர்த்திக் காட்டுங்கள். நிழல் விழுவதை மாணவர்களே பார்ப்பார்கள். இராசராசனின் பெருமை இதனால் ஒன்றும் குறையாது. அவ்வளவு உயரத்துக்குக் கல்லை ஏற்றியதை வியக்க நமக்குப் பொய் தேவையில்லை.

நம் பள்ளியின் பழைய கட்டடம்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். பெரிய கோயில்களுக்குத் துறைகள் இருக்கின்றன, ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நம்மை விட்டால் ஆளில்லாதது நம் பள்ளியின் பழைய கட்டடம்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. அது சரியான முடிவு. ஒரு குழந்தையின் உயிருக்கு முன்னால் எந்தப் பழமையும் பெரிதில்லை. இடிப்பதை நிறுத்தச் சொல்லி நான் பேசவில்லை. இடிக்கும் முன் ஒரு நாள் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஓட்டுக் கட்டடத்தில்தான் நம் ஊரில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவரிலேயே பூசிய கரும்பலகை, அதன் உயரம். அது தரையிலிருந்து எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பார்த்தால், அங்கே எந்த வயதுப் பிள்ளைகள் எழுதினார்கள் என்று தெரியும். நாட்டு ஓடா, சீமை ஓடா? சீமை ஓட்டைத் திருப்பினால் செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். இடிக்கும்போது ஒப்பந்ததாரரிடம் கேட்டால் ஒன்றை எடுத்து வைக்கலாம். உத்தரம் எந்த மரம், சுண்ணாம்புக் காரையா, மண் கலவையா, திறப்பு விழாக் கல்லில் யார் பெயர், எந்த ஆண்டு? ஜன்னல் எந்தத் திசை பார்த்து இருக்கிறது, மின்விசிறி இல்லாத காலத்தில் காற்று எப்படி வந்தது? இவை எல்லாம் அளவோடும் படத்தோடும் சேர்ந்தால்தான் முழுப் பதிவு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழுதடைந்தது என்று குறிக்கப்பட்ட கட்டடத்துக்குள் மாணவர்கள் ஒருவர்கூடக் கால் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் நிற்கக் கூடாது. பாதுகாப்பான தூரத்திலிருந்து படம் எடுக்கட்டும், நிழலை அளக்கட்டும். உள்ளே எடுக்க வேண்டியதைப் பொறியாளர் அனுமதித்தால் பெரியவர்கள் எடுக்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதி மஞ்சளாகவே இருக்கட்டும். மைடன்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்ததே ஆள் ஏறாமல் அளக்கத்தான்.

வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. கோயிலானால் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும், கருவறைப் பக்கம் போகக் கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமானால் அவர்கள் அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடுவதற்குத் தனி விதிகள் உள்ளன, அந்த ஆசை நமக்கு வேண்டாம். வீடானால் உரிமையாளர் ஒப்புதல் வேண்டும், அவர் வீட்டின் உட்புறத்தை இணையத்தில் ஏற்றக் கூடாது. பதிவுப் படங்களில் மாணவர்களின் முகம் வரக் கூடாது.

யார் என்ன செய்யலாம்

எண்ணும் எழுத்தும் வகுப்புப் பிள்ளைகள் ஜாணாலும் காலடியாலும் அளக்கட்டும். ஒருவர் காலடிக்கு இருபது, இன்னொருவருக்குப் பதினேழு என்று வரும்போது மீட்டர் ஏன் வேண்டும் என்பது தானாகப் புரியும். நான்காம், ஐந்தாம் வகுப்பினர் மேலிருந்து பார்த்த தோற்றத்தைக் கட்டத்தாளில் வரைந்து, களிமண்ணிலோ அட்டையிலோ மாதிரி செய்யட்டும். ஆறு முதல் எட்டு வரை அளவெடுப்பும் படமும். ஒன்பது, பத்தில் கணினி மாதிரி. தமிழாசிரியர் வழிகாட்டலில் ஒரு குழு ஊர்ப் பெரியவர்களிடம் பேசி எழுதட்டும். தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கும் பள்ளிகளில் இதை மன்றச் செயல்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சேமிப்பு. கணினி மாதிரி நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். இன்றைய மென்பொருள் கோப்பு பத்து ஆண்டு கழித்துத் திறக்காமல் போகலாம். அசல் படங்கள், மாதிரிக் கோப்பு ஆகியவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள். அளவுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில், ஊர், தேதி, அளந்த மாணவர்களின் வகுப்பு ஆகியவற்றோடு பேனாவால் எழுதி, பள்ளிப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். கணினி கைவிட்டாலும் அந்த நோட்டை வைத்து மாதிரியை மீண்டும் எழுப்பலாம். நோட்டின் நகல் ஒன்றை ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள்.

நம் வேப்பூர் நெடுஞ்சாலைச் சந்திப்பு ஊர். சாலை அகலமாகும்போதும் கடைகள் பெருகும்போதும் பழையவை போகத்தான் செய்யும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது, எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்தக் கல்வி ஆண்டு முடிவதற்குள், ஒரு பள்ளிக்கு ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு அளவு நோட்டைக் கையில் கொண்டு வாருங்கள். மாதிரி முடிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நோட்டு இருந்தால் போதும், மற்றதை அமர்ந்து பேசிக்கொள்ளலாம்.